ஷையான் ஏன் நிலைத்தது, பென்டன் ஏன் காணாமல் போனது?

1867 ஜூலையில் வெறும் புல்வெளியாகக் கிடந்த, இன்று வயோமிங் மாநிலத்தின் தலைநகராக இருக்கும் ஷையானில் அந்த வருஷம் முடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் எப்படிக் குடியேறினார்கள், அமெரிக்க மேற்கில் அதே ரயில் பாதையில் முளைத்த பென்டன் போன்ற ஊர்கள் அழிந்தபோது இது மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் இதில் இரண்டு இருக்கின்றன. கூட்டம் எப்படி வந்தது என்பது ஒன்று. வந்த கூட்டம் கலைந்த பிறகும் ஊர் எப்படி மிஞ்சியது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கூட்டத்தைக் கொண்டுவந்தது தண்டவாளத்தின் முனை, அதாவது பாதை போடும் வேலை அப்போது எட்டியிருந்த இடம். முனை நகர்ந்தால் கூட்டமும் கூடவே நகரும். ஊரைப் பிடித்து நிறுத்தியது அதன் மேற்கே இருந்த மலை ஏற்றம். சூதாட்டக் கூடாரம், துப்பாக்கிச் சண்டை என்று முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் இரண்டாவது பாதி மர்மம் போலத் தோன்றுகிறது.

இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். யூனியன் பசிபிக் கம்பெனி மிசௌரி ஆற்றங்கரையில் ஓமாஹாவில் தொடங்கி மேற்கு நோக்கிப் பாதை போட்டுக்கொண்டு வந்தது. தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரலாக இருந்தவர். முதல் 500 மைல் அவருக்குப் பெரிய தலைவலி இல்லை. பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, பிறகு லாட்ஜ்போல் ஓடையை ஒட்டி, கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. சிக்கல் அதற்கப்புறம். ராக்கி மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில் பல இடங்களில் சமவெளிக்கும் கருங்கல் மலைக்கும் நடுவே அரிப்பினால் பள்ளம் விழுந்திருக்கிறது. ரயில் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபடி செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும். ஷையானுக்கு மேற்கே ஓரிடத்தில் மட்டும் பழைய வண்டல் மேடு அரிக்கப்படாமல், படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகை மாதிரி, நேராக மலை உச்சியில் போய்ச் சேர்கிறது. இன்றும் அதன் பெயர் ‘கேங்பிளாங்க்’, அதாவது படகுப் பலகை. 1865-ல் பழங்குடிப் போர்வீரர்கள் சுற்றி வளைத்தபோது தப்பி ஓடும் வழியில் இந்த மேட்டைக் கண்டுபிடித்ததாக டாட்ஜ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெகு நாள் கழித்து அவரே சொன்ன கதை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். மேடு உண்மை, அதன்மேல் பாதை போனதும் உண்மை. அந்தப் பலகையின் அடியில், குரோ கிரீக் என்ற சின்ன ஓடையைப் பாதை கடக்கும் இடம்தான் ஷையான்.

இப்போது எண்களைப் பாருங்கள். ஓமாஹா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி உயரம். ஷையான் 6,062 அடி. நடுவே 516 மைல். ஆக, சராசரிச் சரிவு சுமார் 540-க்கு 1, அதாவது 540 அடி போனால் ஓர் அடி ஏற்றம். ஷையானுக்கு மேற்கே பாதையின் உச்சியான ஷெர்மன் 8,247 அடி. தூரம் சுமார் 33 மைல்தான். அங்கே சராசரிச் சரிவு 80-க்கு 1. இது சராசரி; சில இடங்களில் மைலுக்கு 90 அடி வரை ஏறுகிறது. சட்டம் அனுமதித்த உச்சவரம்பு மைலுக்கு 116 அடி என்பதால் டாட்ஜுக்கு இது வெற்றிதான். ஆனால் இன்ஜினுக்கு?

அந்தக் காலத்து சாதாரண 4-4-0 இன்ஜினில் முன்னால் தாங்கும் சிறு சக்கரங்கள் நான்கு, இழுக்கும் சக்கரங்கள் நான்கே. அவற்றின்மேல் நிற்கும் எடை 18 முதல் 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பிடித்து இழுக்கக்கூடிய விசை அதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ, அதாவது 4 டன் சுற்றுவட்டாரம். சமதளத்தில் ஓடும் ரயிலுக்கு டன்னுக்கு ஏறக்குறைய 4 கிலோ எதிர்ப்பு. 540-க்கு 1 சரிவில் இன்னும் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். 80-க்கு 1 சரிவில் சேர்வது 12.5 கிலோ. கணக்குப் போட்டால், ஷையான் வரை 650 டன்னுக்கு மேல் இழுத்து வரக்கூடிய இன்ஜின் அதற்கு மேற்கே தன் எடையையும் சேர்த்து 240 டன் இழுத்தாலே பெரிய காரியம். இது தோராயக் கணக்கு. பனி, ஈரம், வளைவு, இறுகிக் கிடக்கும் பெட்டி அச்சு எல்லாம் அதை இன்னும் குறைக்கும். ஆனால் விகிதம் மாறாது. கிழக்கிலிருந்து வரும் ஒரு முழு சரக்கு வண்டியை ஷையானில் இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் இன்ஜின், நம்மூர் ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்று சொல்வது, சேர்க்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

பேங்கர் இன்ஜின் ஒரு ஊரில் நிற்கிறது என்றால் அதன் பின்னால் ஒரு குடும்பமே வருகிறது என்று அர்த்தம். இன்ஜின் நிற்க லோகோ ஷெட். திருப்ப டர்ன்டேபிள். கொதிகலன் குழாய்களில் படியும் உப்பைக் கழுவவும், தேய்ந்த சக்கர வளையத்தை மாற்றவும் பட்டறை. சாம்பல் வாரும் ஆள், விறகு அடுக்கும் ஆள், டிரைவர், ஃபயர்மேன், இரவில் எழுப்பிவிடும் பையன். இன்ஜினின் பின்னால் விறகும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் பெட்டி ஒன்றில் அந்தக் காலத்தில் 2,000 கேலன், அதாவது ஏழாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். ஏற்றத்தில் அது மடமடவென்று தீரும். எனவே கிளம்பும்போதே முழுக்க நிரப்பியாக வேண்டும். கிழக்கே சிட்னி என்ற ஊர் சுமார் 100 மைல். ஒரு ரயில் ஊழியர் குழு ஒரு நாளில் செய்யும் ஓட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஏற்றம் இல்லாவிட்டாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கோ ஆள் மாற்றியிருப்பார்கள். ஏற்றமும் ஆள் மாற்றமும் ஒரே இடத்தில் விழுந்தது ஷையானின் அதிர்ஷ்டம்.

இறங்கி வரும் வண்டிக்கும் இதே ஊர் வேண்டும். வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் வந்ததே 1869-ல். சரக்கு வண்டிகளில் பரவ இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரை பெட்டிக் கூரைமேல் ஓடி ஓடி ஒவ்வொரு பெட்டியின் பிரேக் சக்கரத்தையும் கையால் முறுக்க வேண்டும். வார்ப்பிரும்புச் சக்கரம் 33 மைல் பிரேக் கட்டையில் தேய்ந்தால் பழுக்கக் காயும், விரிசல் விடும். ஷெர்மன் உச்சியில் நிறுத்திச் சக்கரங்களைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். அடிவாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்; பழுதானதைக் கழற்றி மாற்றுவதும் அங்கேதான்.

கம்பெனிக்கு இந்த அடிவாரம் வேறு விதத்திலும் முக்கியம். 1862-ன் பசிபிக் ரயில் சட்டப்படி அரசு கம்பெனிக்குக் கடன் பத்திரம் கொடுத்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலைப்பகுதியில் 150 மைலுக்கு மட்டும் மைலுக்கு 48,000. அப்படியென்றால் மலை எங்கே ஆரம்பிக்கிறது என்பது நிலவியல் கேள்வி மட்டும் இல்லை, பணக் கேள்வி. ஷையானுக்கு மேற்கே 7 மைலுக்குள்ளேயே மலையின் அடி தொடங்குவதாக முடிவானது. இது இனாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தவறு. திருப்பித் தர வேண்டிய கடன் அது. இனாமாகக் கிடைத்தது நிலம்தான். 1864 திருத்தத்துக்குப் பிறகு பாதையின் இரு பக்கமும் 20 மைல் அகலத்துக்குள் ஒன்று விட்டு ஒன்றாகச் சதுர மைல் கட்டங்கள், மைலுக்கு மொத்தம் 20.

அந்த நிலம் யாருடையது என்பதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. 1851-ல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வடக்கு பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதி ஷையான், அரபஹோ மக்களின் நிலம் என்று இருக்கிறது. குரோ கிரீக் அதற்குள் வருகிறது. 1861-ல் சில தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி அதில் பெரும்பகுதியைப் பறித்தார்கள். ஷையான் மக்களில் பலர் அதை ஏற்கவே இல்லை. 1864-ல் சேண்ட் கிரீக்கில் அமெரிக்கப் படை அவர்களில் பலரைக் கொன்ற படுகொலை. எனவே 1867-ல் பாதை அளக்க வந்தவர்கள் தாக்கப்பட்டதை ‘வெறும் கொள்ளை’ என்று எழுதும் பழைய நூல்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்த வருஷம் டாட்ஜின் சர்வே அதிகாரிகளே இருவர் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் ஊருக்கு முளை அடித்துக்கொண்டிருந்த சமயத்திலேயே மண் வேலைக்கு வந்த மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குழு ஒன்று தாக்கப்பட்டது. ஊரின் முதல் கல்லறைகள் அவர்களுடையவை. யாரை விரட்டி அந்த ஊர் வந்ததோ அவர்கள் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இனி கூட்டத்துக்கு வருவோம். 1867 ஜூலை முதல் வாரத்தில் டாட்ஜ் இடத்தைத் தேர்ந்தார். தண்டவாளம் வந்தது நவம்பர் 13-ம் தேதி. ஆக, ரயிலுக்கு நான்கு மாதம் முன்பே ஊர் இருந்தது. கம்பெனி நான்கு மைலுக்கு நான்கு மைல் சதுரமாக லேஅவுட் போட்டது. மனை ஒன்று 66 அடிக்கு 132 அடி. விலை 150 டாலர். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி தவணை. 50 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு மனை பிடித்தவர் ஒரு மாதத்தில் அதை ஆயிரம் டாலருக்குக் கை மாற்றினார். அதன் பிறகும் சில மாதம் விலை ஏறிக்கொண்டே போனது. இப்படிப்பட்ட விலை யாருக்காக? வீடு கட்டிக் குடியிருக்க வந்தவருக்காக அல்ல. தண்டவாளத்துக்கு அருகில், பதினாறாம் தெருவில், குளிர்காலம் முழுக்கக் கடை போட ஒரு முகப்பு வேண்டும் என்று நினைத்த வியாபாரிக்காக. ஆறு மாத லாபத்தில் மனை விலை திரும்பி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. பலருக்கு வந்தது. வசந்த காலத்தில் கடைசியாக வாங்கியவருக்கு வரவில்லை.

பட்டா விஷயத்திலும் ஒரு சிக்கல் இருந்தது, நம்மூர் மனைத் தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். கம்பெனி மனையை விற்றதே தவிர, அந்த நிலத்துக்கு அரசிடமிருந்து முறையான பட்டா அப்போது அதன் கையில் இல்லை. ‘உனக்கே பட்டா இல்லை, நீ எனக்கு எப்படி விற்பாய்’ என்று சிலர் பணம் கட்டாமலே கம்பெனி மனைகளில் குடிசை போட்டார்கள். 1868 ஜனவரியில் அது கைகலப்பு அளவுக்குப் போய், பக்கத்துக் கோட்டையிலிருந்து ராணுவம் வந்து ஆக்கிரமிப்பாளர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. சட்டம் யார் பக்கம் என்பது தெளிவாக இல்லாத இடத்தில் துப்பாக்கி யார் பக்கம் என்பதுதான் தீர்ப்பானது. கூடவே ஊர் நிர்வாகமும் உருவாகிக்கொண்டிருந்தது. ஆகஸ்டிலேயே ஹெச். எம். ஹூக் என்பவரை மேயராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 19-ல் நேத்தன் பேக்கர் ‘ஷையான் லீடர்’ பத்திரிகையைத் தொடங்கினார். ரயிலே வராத ஊரில் மேயரும் பத்திரிகையும் எதற்கு என்று தோன்றலாம். மனை வாங்கியவர்களுக்கு இது ஊர்தான், கூடாரம் அல்ல என்று ஊருக்கு வெளியே நம்பவைக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான்.

மரம் கிடையாது, கல் வெட்ட நேரம் கிடையாது. நவம்பர் வரை பலகை எல்லாம் கொலராடோ பக்கத்திலிருந்து, டென்வர் வழியாக நூறு மைலுக்கு மேல் மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை வண்டியிலும் வந்தது. பலகை விலையைவிட வண்டிக் கூலி அதிகம் என்பதால் கேன்வாஸ் கூரை, பலகை முகப்பு என்பது வழக்கமான கட்டுமானம். முன்னால் இருந்து பார்த்தால் இரண்டு மாடிக் கட்டடம், பக்கவாட்டில் பார்த்தால் கூடாரம். இந்த வகைக் கட்டடத்துக்கு ஒரு நன்மை: ஆணியைக் கழற்றி, எண் போட்டு, வேகனில் ஏற்றி அடுத்த ஊரில் மறுபடி நட்டுக்கொள்ளலாம். நவம்பரில் முதல் ரயில்களோடு ஜூல்ஸ்பர்க் என்ற முந்தைய முனை ஊரின் கடைகள் அப்படித்தான் தட்டையான வேகன்களில் வந்து இறங்கின. ‘ஐயா, இதோ ஜூல்ஸ்பர்க் வந்துவிட்டது’ என்று கார்டு கத்தியதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, விஷயம் சரி.

தண்டவாள முனையில் ஏன் அவ்வளவு பேர் குவிந்தார்கள் என்பதற்கு டாட்ஜ் தந்த ஒரு கணக்கு போதும். ஒரு மைல் பாதைக்கு 40 வேகன் சரக்கு. பிரித்துப் பார்ப்போம். கெஜத்துக்கு 56 பவுண்டு எடையுள்ள தண்டவாளம், இரண்டு வரிசை, ஒரு மைலுக்கு: ஏறக்குறைய 89 டன். 28 அடி நீளத் துண்டு ஒன்று 237 கிலோ. ஐந்து பேர் சேர்ந்து தூக்கி வைப்பார்கள். ஸ்லீப்பர் கட்டை சுமார் 2,500. கட்டைக்கு நாலு ஆணி என்றால் 10,000 ஆணி. வேகனுக்குப் பத்து டன் என்று எடுத்துக்கொண்டால், தண்டவாளமும் கட்டையும் மட்டும் இருபத்தைந்து வேகனைத் தொட்டுவிடும். மீதி பாலத்துக்கு மரம், இன்ஜினுக்கு விறகு, ஆட்களுக்கு மாவும் பன்றி இறைச்சியும், ஆயிரக்கணக்கான கோவேறு கழுதைகளுக்குத் தானியம். ஒரு நாளில் இரண்டு மைல் போட்டால் 80 வேகன் வந்து காலியாகித் திரும்ப வேண்டும், அதுவும் ஒற்றை வழிப் பாதையில், 516 மைல் தள்ளி இருந்து. மிசௌரி ஆற்றுக்கு ஓமாஹாவில் பாலமே 1872-ல்தான் வந்தது. அதுவரை கிழக்கிலிருந்து வந்த சரக்கு பெரும்பாலும் படகில் ஏறி இறங்கியது. ஆக, பாதையின் முனை என்பது ஒரு துறைமுகம். அங்கே இறக்கி, பிரித்து, அதற்கு அப்பால் உள்ள டென்வர், சால்ட் லேக், வடக்குக் கோட்டைகள் எல்லாவற்றுக்கும் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். துறைமுகத்தில் இருக்கும் கூட்டம் இங்கேயும் இருந்தது.

கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாட் சமவெளியில் கிடைத்தது காட்டன்வுட் என்ற மெத்தென்ற மரம்தான். ஆணி நிற்காது, ஈரத்தில் சீக்கிரம் மக்கும். அதை ஓமாஹாவில் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, துத்தநாகக் குளோரைடு கரைசலை ஏற்றினார்கள். செலவுதான் ஆனது. துத்தநாக உப்பு மழைத் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். சில வருஷத்தில் கட்டைகளை மாற்ற வேண்டி வந்தது. ஷையானைத் தாண்டியதும் மலையில் பைன் மரம் வெட்டக் கிடைத்தது. மரம் வெட்டிகளும் கட்டை செதுக்குபவர்களும் அந்தக் குளிர்காலத்தில் ஊரை நிரப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளிர்காலம்தான் பெரிய காரணம். நவம்பர் 13-க்குப் பிறகு பனியால் வேலை மெதுவாகி, மலையேற்றத்தின் பாதியில் நின்றது. மற்ற முனை ஊர்களில் முனை சில வாரம் நிற்கும். ஷையானில் ஏறக்குறைய ஐந்து மாதம். சம்பளம் வாங்கிய ஆட்கள், செலவழிக்க வேறு இடம் இல்லாமல், ஒரே இடத்தில் ஐந்து மாதம். அந்தக் குளிர்காலத்தில் 6,000 பேர் என்பார்கள், 10,000 என்பார்கள். இரண்டும் மனை விற்க ஆசைப்பட்ட காலத்து எண்கள். யாரும் தலை எண்ணவில்லை. உறுதியாகத் தெரிந்தது 1870-ல் நடந்த அரசுக் கணக்கெடுப்பு: 1,450 பேர். அதாவது குறைந்தபட்ச மதிப்பை எடுத்துக்கொண்டாலும் நாலில் மூன்று பங்கு ஆட்கள் இரண்டரை வருஷத்தில் போய்விட்டார்கள். துப்பாக்கி, திருட்டு, ஊர்க்காரர்கள் தாங்களே அமைத்த கண்காணிப்புக் குழு, தூக்கு எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் அவை வளர்ச்சிக்குக் காரணம் அல்ல, ஐந்து மாத நெரிசலின் விளைவு. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

1868 ஏப்ரலில் தண்டவாளம் ஷெர்மன் உச்சியைத் தொட்டது. மே மாதம் மலைக்கு அப்பால் உள்ள லாரமி ஊரில் ரயில் (முன்பு சொன்ன லாரமி கோட்டை வேறு இடம்). கூடாரங்கள் மறுபடி வேகன் ஏறின. ஷையான் செத்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்த கட்டம் இதுதான், சாகவும் பார்த்தது. கம்பெனியின் துணைத் தலைவர் தாமஸ் டூரன்ட், இன்ஜின் மாற்றும் இடத்தையும் பட்டறையையும் ஷையானிலிருந்து லாரமிக்கு மாற்றும்படி உத்தரவு போட்டார். புது மனைகளை விற்க அது வசதி என்பதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம். அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு ஆவணம் காட்ட முடியாது. ஷையானில் பீதி. மனை விலை சரிந்தது. டாட்ஜ் அங்கே வந்து அந்த உத்தரவு செல்லாது என்று ஊர்க்காரர்களிடம் சொன்னார். பிறகு 1868 ஜூலை 26-ல் லாரமி அருகே சாண்டர்ஸ் கோட்டையில் உள்நாட்டுப் போரின் வடக்குப் படை ஜெனரல்களான கிராண்ட், ஷெர்மன், ஷெரிடன் முன்னிலையில் டாட்ஜும் டூரன்ட்டும் மோதியபோது டாட்ஜ் பக்கம் முடிவானது. அந்தச் சந்திப்பு பாதை எப்படிப் போக வேண்டும் என்பது பற்றியது, ஷையானைப் பற்றி மட்டும் அல்ல. ஆனால் டூரன்ட் ஜெயித்திருந்தால்கூட, என் கணிப்பில், பேங்கர் இன்ஜின்கள் ஷையானில்தான் நின்றிருக்கும். உத்தரவு போட்டு 80-க்கு 1 சரிவை லாரமிக்கு மாற்ற முடியாது. பட்டறை போயிருக்கும், ஊர் சின்னதாகியிருக்கும், அழிந்திருக்காது.

பென்டனோடு ஒப்பிட்டால் இது விளங்கும். ஓமாஹாவிலிருந்து சுமார் 698-வது மைலில், 1868 ஜூலையில் எழுந்தது. உச்சத்தில் 3,000 பேர் என்பார்கள். சுற்றிலும் வெள்ளை உப்புப் புழுதி, ஒரு புல் இல்லை. தண்ணீர் வடக்கு பிளாட் ஆற்றிலிருந்து மூன்று மைல் வண்டியில் வரும். பீப்பாய் ஒரு டாலர், வாளி பத்து சென்ட். தண்டவாளம் நகர்ந்ததும் செப்டம்பரில் ஊர் கலைந்தது. மிஞ்சியது குழிகளும் தகர டப்பாக்களும். அதற்கு மேற்கே சுமார் பத்து மைலில் ஊற்று இருந்த ராலின்ஸ் இன்ஜின் மாற்றும் இடமாகி, இன்றுவரை ஊராக இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் வந்தது ஒரே கூட்டம், அதே சூதாட்டக்காரர்கள், அதே கூடாரங்கள். வித்தியாசம் இன்ஜினுக்குத் தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்பதுதான். ஜூல்ஸ்பர்க்கில் தண்ணீர் இருந்தது, ஆனால் ஏற்றமும் இல்லை, இன்ஜின் மாற்றமும் இல்லை. அதுவும் ஐந்து மாதத்தில் காலியானது.

ஏற்றம் மட்டுமே ஷையானைக் காப்பாற்றியது என்றும் சொல்ல மாட்டேன். ஏற்றம் தந்தது சில நூறு நிலையான வேலைகள். அதன்மேல் இன்னும் மூன்று விஷயங்கள் சேர்ந்தன. முதலாவது ராணுவம். டி. ஏ. ரஸ்ஸல் கோட்டை ஊருக்கு மூன்று மைல் மேற்கே 1867-லேயே வந்தது. இரண்டுக்கும் நடுவே கார்லின் முகாம் என்ற பெரிய சரக்குக் கிடங்கு. வடக்கே இருந்த கோட்டைகளுக்கு மாவு, காலணி, தோட்டா எல்லாம் ரயிலில் இங்கே வந்து கழுதை வண்டியில் போகும். கொல்லர், தச்சர், சேணம் தைப்பவர் என்று ரயில் கம்பெனியின் கருணையை நம்பாத ஒரு சம்பளப் பட்டியல் அது. கோட்டை இன்று விமானப்படைத் தளம். இரண்டாவது டென்வர். யூனியன் பசிபிக் தன்னை விட்டுவிட்டுப் போனதால் டென்வர்க்காரர்கள் பணம் திரட்டி ஷையானுக்கு 106 மைல் கிளைப் பாதை போட்டு, 1870 ஜூனில் முடித்தார்கள். ஷையான் சந்திப்பு ஆனது. ஆனால் இதை முழு லாபமாக எண்ண வேண்டாம். அதுவரை ஷையானில் இறங்கி வண்டி மாறிய சரக்கு இனி இறங்காமலே டென்வர் போனது. மொத்த வியாபாரிகள் சிலர் அதோடு டென்வருக்கே போய்விட்டார்கள். 1,450 என்ற எண் அந்த வருஷத்துடையது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, தலைநகர். 1868 ஜூலை 25-ல் வயோமிங் தனி ஆட்சிப் பகுதியானது. ஆளுநர் ஜான் கேம்பல் வந்து இறங்கியபோது ரயிலும் தந்தியும் பத்திரிகையும் கோட்டையும் உள்ள பெரிய ஊர் ஷையான்தான். தற்காலிகத் தலைநகர் என்று ஆரம்பித்தது அப்படியே நிலைத்தது. பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1869 டிசம்பர் 10-ம் தேதிச் சட்டம் இங்கே கூடிய முதல் சட்டமன்றத்தில்தான் நிறைவேறியது. மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர், அதிலும் பெரும்பாலும் ஆண்கள் இருந்த பகுதி அது. குடும்பங்களை இழுப்பதும் பெயர் வாங்குவதும் நோக்கங்களில் இருந்தன. தலைநகர் வேலை எண்ணிக்கையில் சின்னது. அதன் பலன் வேறு: வக்கீல், வங்கி, நில அலுவலகம்.

மாடு அதற்குப் பிறகு. ரயில் ஆட்களுக்கு இறைச்சி ஒப்பந்தம் எடுத்த ஜான் இலிஃப், 1868-ல் டெக்சாஸிலிருந்து குட்நைட் என்ற மாட்டு வியாபாரி ஓட்டி வந்த மந்தையை வாங்கி இந்தச் சமவெளியில் மேய்த்தார். அந்தப் புல்லில் மாடு குளிர்காலத்தைத் தாங்கும் என்று தெரிந்தது. 1876 முதல் பிளாக் ஹில்ஸ் தங்கத்துக்குப் போகும் கோச் வண்டிகள் இங்கிருந்து கிளம்பின. 1880-ல் 3,456 பேர், 1890-ல் 11,690 பேர். மாட்டு முதலாளிகளின் பணம் 1886-87-ன் கொடும் பனியில் பாதி கரைந்தது. அப்படியும் ஊர் சுருங்கவில்லை. அதே இரண்டு வருஷத்தில்தான் மணற்கல்லில் கோபுரத்தோடு ரயில் நிலையமும் கட்டினார்கள்.

இந்த விளக்கத்தை எல்லா ரயில் ஊருக்கும் அப்படியே பொருத்த வேண்டாம். சமவெளியில் தானியக் கிடங்கை நம்பி நிலைத்த ஊர்களுக்கு வேறு கணக்கு. மலை அடிவாரம், நதிக் கரை, பாதையின் அகலம் மாறும் இடம் என்று ரயில் எங்கே கட்டாயம் நின்றாக வேண்டுமோ அங்கே மட்டும் பொருந்தும்.

நேரில் சரிபார்க்க ஆசை என்றால் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஷையானைத் திறந்து பாருங்கள். பிற்காலத்து வெளிப்பகுதித் தெருக்கள் நேர் வடக்கு தெற்காக ஓடும். நடு ஊர் மட்டும் முழுக்கச் சாய்ந்திருக்கும். 1867-ல் சர்வேக்காரர்கள் திசைமானியைப் பார்த்து முளை அடிக்கவில்லை, தண்டவாளம் வரப்போகும் தடத்தைப் பார்த்து அடித்தார்கள். கேப்பிடல் அவென்யூவின் ஒரு முனையில் சட்டமன்றக் கட்டடம், மறுமுனையில் ரயில் நிலையம், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். நிலையத்தின் பின்னால் யார்டில் யூனியன் பசிபிக்கின் நீராவிப் பட்டறை இன்னும் இருக்கிறது. 1941-ல் மலைநாட்டு ஏற்றங்களுக்கென்று செய்த ‘பிக் பாய்’ இன்ஜின்களில் ஒன்றான 4014-ஐ 2019-ல் மறுபடி ஓட வைத்ததும் அங்கேதான்.